கண்ணாடி பையில் இருக்கிறது

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே குறுகலான மாடிப்படி ஒன்று உண்டு. ஒருத்தர் ஏறினால் எதிரே இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் உச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. நடத்தியவர் ஒரு பெண். போட்டோக்கார அக்கா என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த அக்காவிடம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தால் தலையை நிமிர்த்து, தோளை இறக்கு என்பதெல்லாம் பிறகுதான். முதலில் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம் விரலை நீட்டிக் கேட்பார்.

"இந்த வாட்சு யாருது?"

"என்னுதுதான்க்கா."

"மணிக்கட்டுல வளையல் கணக்கா ஆடுது. யாருது சொல்லு."

"மச்சானுது."

"அப்படி வா வழிக்கு."

படத்தைப் பிரிண்டு போட்டுக் கையில் கொடுக்கும்போது திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கும்: 'வாட்ச் – மச்சானுடையது. சட்டை – சொந்தம்.' கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படமோ, கைக்குழந்தையின் மொட்டைப் படமோ, எதுவானாலும் அதில் தெரிகிற ஒவ்வொரு பொருளும் யாருடையது என்று பின்னால் எழுதாமல் அந்த அக்கா கொடுத்தது கிடையாது.

ஒலக்கூர் பக்கத்துப் பையன் ஒருத்தன் கம்பெனி வேலைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தான். பழைய ஸ்டூடியோக்காரர் ஆணியில் விட்டுப்போன கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எட்டுப் படத்தின் பின்னாலும் 'கோட்டு – ஸ்டூடியோவுடையது' என்று எழுதிவிட்டார்.

"அக்கா, கம்பெனிக்காரன் திருப்பிப் பாத்தா இன்னாக்கா ஆவறது?"

"ஒட்டிட்டப்புறம் எவன்டா திருப்பிப் பாக்கறான்? அப்படி ஒருத்தன் பாத்தான்னா அது நல்ல கம்பெனி. ஜல்தி போய்ச் சேந்துக்க."

நான் ஜாக்கெட் தைக்கிறவள். இப்போது கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலை ஓரமாகச் சொந்தக் கடை. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு படித்தது அதிகம். கையைத் தூக்கச் சொல்லி அளவு எடுக்கும்போது பெண்கள் சொல்கிற சொல்லை எல்லாம் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். அந்த முடிச்சுகளில் பாதி போட்டோக்கார அக்காவுடையது.

"சிரி சிரின்னு சொல்றவன் போட்டோக்காரன் இல்ல, பல் டாக்டரு" என்பார். "வெறும் மூஞ்சிதான் ஆதார்லயே இருக்குதே, அதுக்கு எதுக்கு எங்கிட்ட வர்ற? கூட இன்னா கொண்டாந்த?" என்பார். வெட்கப்பட்டுத் தலையைக் குனிகிற பெண்களிடம், "வெக்கம் உன்னுதா, இல்ல அதுவும் பக்கத்து ஊட்ல வாங்கியாந்தியா?" என்று ஒரு போடு போடுவார். குனிந்த தலை சிரித்துக்கொண்டே நிமிரும். அந்த நொடியில் 'க்ளிக்' கேட்கும்.

அப்போது நான் அதே தெருவில் ஒரு தையல் கடையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவின் நீலத் திரை ஓரம் பிரிந்துபோய், அதை அடித்துத் தரச் சொல்லி அந்த அக்கா எடுத்துக்கொண்டு வந்ததில்தான் பழக்கம். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு நான் மாடி ஏறிவிடுவேன்.

அந்த அக்காவுக்குச் சொந்த ஊர் மரக்காணம் பக்கத்துக் குப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பெரிய வலை ஒன்றையும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களையும் படம் எடுத்து வந்தார். மறுவாரம் மாடி ஏறினால், சுருட்டிய பாய் மாதிரி ஒரு பிரிண்டு. கதவை மறைக்கிற அளவு பெரிசு.

"எதுக்குக்கா இம்மாம் பெருசு?"

"நான் இன்னா பண்ணுவேன்? வலை யாருதுன்னு கேட்டேன். நாலு ஊட்டுதுன்னாங்க. நாலு பேரு எழுதினேன். வலைல கட்டற மெதவைக் கட்டை வாங்கியாந்தவன் பேரு எங்கன்னு ஒருத்தன். கிழிஞ்சத முடையறவ நானு, என் பேரு எங்கன்னு ஒருத்தி. புயல்ல இத இழுத்து மேட்டுல போட்டது நாங்கதான்னு இன்னும் அஞ்சாறு பேரு. பின்னாடி எடம் பத்தல. அதான் முன்னாடி பெருசாக்கிட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. அந்த அக்கா சிரிக்கவில்லை. அந்தப் படத்தைக் குப்பத்தில் ஆணி அடித்து இறுக்காமல் கயிற்றில் தொங்க விட்டிருக்கிறார்களாம். சண்டை வரும்போதெல்லாம் திருப்பிப் படிக்க வசதியாக.

ஆனால் எல்லாருக்கும் அது சிரிப்பாக முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மயிலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். கழுத்தில் ஆரம், காதில் தோடு, எல்லாம் இரவல். அப்போது அந்த அக்கா பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக்கொண்டிருந்த காலம். பெண் வீட்டில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். 'ஒண்ணுமே இல்லாத வீடு' என்று சொல்லி, வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா மாடி ஏறி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"உன்னாண்ட போட்டோ எடுக்க வந்தமா, சாட்சி சொல்லக் கூப்ட்டமா?" என்று அந்த அம்மா கேட்டார். "எம் பொண்ணு மூணு நாளா சாப்பிடல. நீ எழுத்து எழுதிக்கினு குந்தியிருக்கற."

அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த அம்மா வாங்காமல் இறங்கிப் போய்விட்டார். படம் எடுக்கக் காத்திருந்தவர்களை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு தரம் போனார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. இரண்டு தரமும் கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் மேசை மேல் பேனா இல்லை, பென்சில் இருந்தது.

"அவங்க ஊட்டு சேதிய நான் பேனாவுல எழுதினது தப்பு" என்றார்.

"எழுதறதயே உட்டுடலாமேக்கா? இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"உடமாட்டேன். வேணாம்னா அவங்க அழிச்சிக்கட்டும். நான் எழுதாம குடுக்க மாட்டேன்."

இப்படி ஒரு பிடிவாதமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இவர் யாருக்கு எதை நிரூபிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு இருக்கும்போதுதான் எனக்கே படம் எடுக்க வேண்டி வந்தது.

எனக்குப் பத்து வயதிலிருந்து கண்ணாடி. கழற்றினால் எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் சொல்வேன். எனக்கு வந்த மூன்று இடமும் அந்தக் கண்ணாடியால்தான் தட்டிப்போனது. "இப்பவே இப்படின்னா நாளைக்குக் கண்ணு பூட்டா யாரு பாக்கறது?" என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்து என் காதுபடவே கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. நாலாவதாக விழுப்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற மாப்பிள்ளை ஒருத்தர். படம் கேட்டிருந்தார்கள்.

அம்மா வயலில் மல்லாட்டைச் செடி பிடுங்கும் கூலி வேலைக்குப் போகாமல் அன்றைக்கு என்னோடு பஸ் ஏறினாள். புடவையும் ஜாக்கெட்டும் அத்தையுடையது. ஜிமிக்கி சின்னம்மாவுடையது. சங்கிலி பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவுடையது. "நாலாவது எடமாவது அமையட்டும்டி" என்று எஸ்தர் அக்கா தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டார். அதில் ஒரு சின்னச் சிலுவை கோத்திருந்தது. அதை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டாள் அம்மா. படியில் ஏறும் முன்னால் என் கண்ணாடியையும் கழற்றி, மடித்து, தன் மஞ்சப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். "இங்க பாரு" என்று குரல் வந்தது. நான் பார்த்து, பல் தெரியாமல் அழகாகச் சிரித்தேன்.

"எங்கடி பாக்கற?"

"உங்களத்தான்க்கா."

"நான் இங்க நிக்கறேன். அது என் சோத்துப் பை. கண்ணாடி எங்க?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது படிக்கறதுக்கு மட்டும் போடறதும்மா. சும்மா."

"அப்ப ஏன் இவ என் சோத்துப் பையப் பாத்து சிரிக்கறா? அதுல புளி சோறு இருக்குது, மாப்ளையா இருக்கறாரு?"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நாலாவது எடம்மா. இதுவும் போச்சின்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வேலைக்குப் போவேன்? நீயும் ஒரு பொண்ணுதானே."

அந்த அக்கா வாதாடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் வாதாடவில்லை. "உங்க பொண்ணு. உங்க இஷ்டம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த விரல் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. "சரி உடு. என் கொரல் வர்ற பக்கம் பாரு. பேசிக்கினே இருக்கறேன்" என்று, அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டே எடுத்தார். சண்டை எனக்கு மறந்துபோயிற்று. அந்தக் குரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "ஜாக்கெட்டுக்குள்ள இன்னாவோ முட்டுதே, அது இன்னா?" என்றார். சிலுவையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பின்னாடி இன்னா எழுதிக் குடுத்தா? படி" என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன்.

'புடவை, ஜாக்கெட் – அத்தையுடையது. ஜிமிக்கி – சின்னம்மாவுடையது. சங்கிலி – எஸ்தர் அக்காவுடையது, சிலுவையோடு. கண்ணாடி – சொந்தம். பையில் இருக்கிறது.'

"எல்லாத்தையும் அழிச்சிடு. பென்சிலாலதானே எழுதியிருக்குது" என்றாள்.

ரப்பரை எடுத்தேன். அத்தையை அழித்தேன். சின்னம்மாவை அழித்தேன். எஸ்தர் அக்காவைச் சிலுவையோடு அழித்தேன். கண்ணாடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இந்தப் படத்தைப் பார்த்து ஒருத்தர் சம்மதம் சொன்னால், அவர் சம்மதம் சொன்னது யாருக்கு? சோத்துப் பையைப் பார்த்துச் சிரித்தாளே, அவளுக்கு. அவள் எத்தனை நாள் கண்ணாடியை ஒளித்துக்கொண்டு அந்த வீட்டில் நடமாடுவாள்? கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாதே.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேம்மா."

படம் விழுப்புரம் போயிற்று. பத்து நாளில் பெண் பார்க்க வருகிறோம் என்று செய்தி வந்தது. திருப்பிப் பார்த்தார்களா, பார்க்காமலே வருகிறார்களா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வந்தார்கள். அம்மா மறுபடி கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டாள். காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். எனக்குத் தெரிந்தது நாலு நாற்காலியில் நாலு நிறம். எது மாப்பிள்ளை? வெள்ளையாகத் தெரிந்ததை நோக்கி நடந்து தட்டை நீட்டினேன். யாரும் எடுக்கவில்லை. அது நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டு.

வலது பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"அந்தக் கண்ணாடி இன்னும் பையிலதான் இருக்குதாங்க?"

அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"போட்டுக்கினு வாங்க" என்றது அந்தக் குரல். "நான் எப்படி இருக்கறேன்னு நீங்களும் பாக்கணும் இல்ல?"

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். மூக்கு கொஞ்சம் பெரிசு. பரவாயில்லை என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். அக்கா என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடப் போகிறார் என்று நினைப்பு. துண்டுக்குக் காப்பி கொடுத்த கதையை நடித்துக் காட்டினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு படத்தை வாங்கித் திருப்பினார். ஒற்றை வரி. டியூப் லைட்டுக்குக் கீழே அதைச் சாய்த்துப் பிடித்தார். அழுத்தி எழுதுகிற கை அந்த அக்காவுடையது. அழித்த இடத்திலும் எழுத்தின் பள்ளம் அப்படியே இருந்தது.

"அத்தை" என்று படித்தார். "சின்னம்மா. எஸ்தர் அக்கா, சிலுவையோட. இவங்கல்லாம் எங்க?"

"அம்மா அழிக்கச் சொன்னாங்கக்கா."

"அம்மா எல்லாத்தையுந்தான் அழிக்கச் சொன்னாங்க. நீ உன்னுத மட்டும் வெச்சிக்கின."

எனக்குச் சுருக்கென்றது. நான் பெரிய வீரம் செய்துவிட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கேமராக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு மாப்ள பாக்க அனுப்பின படத்துல ஒரு செயினு இருந்துச்சி. எங்க பெரியம்மாவுது. பின்னாடி ஒண்ணும் எழுதல. யாரு எழுதறது? போன எடத்துல மாமியா ரெண்டு வருசம் கேட்டுச்சி, போட்டோல போட்டிருந்தியே, அது எங்கன்னு. எரவல்னு சொல்லிப்பூடலாம். சொல்லாத, மானம் பூடும்னு எங்கம்மா சொல்லிடுச்சி. நான் சொல்லல. அடி தாங்காம வந்தப்போ என்னை ஊட்ல சேத்தது யாரு? அந்தப் பெரியம்மாதான்."

துணியை மடித்து வைத்தார்.

"எரவல் கேவலம் இல்லடி. உனக்கு ஒண்ணுன்னா கழுத்துலருந்து கழட்டிக் குடுக்க ஒரு ஆளு இருக்குது பாரு. அந்த ஆள ஒளிக்கறதுதான் கேவலம். மயிலத்துப் பொண்ணுக்கு நான் இத மொதல்ல சொல்லியிருக்கணும். சொல்லாம எழுதிப்புட்டேன்."

"நானே எழுதறேன்க்கா" என்றேன். பென்சிலை எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே படத்தைச் சாய்த்து, பள்ளம் போன வழியிலேயே ஒவ்வொரு பெயராக எழுதினேன். அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு பீரோக் கதவில் ஒட்டாமல், ஒரு கிளிப்பில் தொங்குகிறது.

அந்த அக்கா திண்டிவனத்துக் கடையை விட்டு விழுப்புரத்துக்கு மாறினார். பிறகு அங்கிருந்தும் எங்கோ போய்விட்டார் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கும் இடம் தெரியவில்லை. அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது விழுப்புரத்துக் கடையில்தான்.

எஸ்தர் அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "உன் கண்ணாலப் புடவையக் குடுடி, படம் எடுக்கணும்" என்று எஸ்தர் அக்கா வந்து நின்றார். ஜாக்கெட்டை அந்தப் பெண்ணின் அளவுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுத்து நானும் கூடப் போனேன். அதே நீலத் திரை. நான் அடித்த ஓரம் பிரியாமல் இருந்தது. அக்கா தலையில் நரை ஏறியிருந்தது. என்னைப் பார்த்தார், பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து விரலை நீட்டினார்.

"சங்கிலி யாருது?"

"எங்கம்மாவுதுங்க." சிலுவை இந்தத் தடவை வெளியே தொங்கியது.

"புடவை?"

அந்தப் பெண் துளிக்கூடத் தயங்கவில்லை. திரும்பி என்னைக் கை காட்டினாள். "தோ, இவங்களுது."

அக்கா மேசையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, என்னை இதற்கு முன் பார்த்தே இராதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா. எழுதணும்."

சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன்.